எட்டு மணிக்கு மூடும் மலை

வீட்டை விற்றுத் தரச் சொல்லி ஹெர்பர்ட் படியேறி வந்த அன்று, மதலேனா அவரை உட்காரவைத்து, பால் விடாத பிளேன்டி வரவழைத்து, சீனி போதுமா என்றுகூடக் கேட்டாள். பத்தொன்பது வருஷமாக ஒரு முகத்தை நெஞ்சில் வைத்துப் புகைந்துகொண்டிருந்தவள் செய்கிற காரியமா அது? ஆனால் அதைத்தான் செய்தாள்.

அவருக்கு அவளைத் தெரியவில்லை. மாத்தளை திருகோணமலை வீதியில், போட்டோக்கொப்பி கடைக்கு மேலே, வீடு வாசல் விற்றுக் கொடுக்கிற ஒரு பெண். அவ்வளவுதான்.

"மேல் வீதியில இருக்கு பிள்ள, மலை பாத்த வீடு. மகள் கனடாவுக்குக் கூப்பிட்டுட்டா. தை மாசம் முடியிறதுக்குள்ள நான் பிளேன் ஏறிடணும்."

"நீங்க அந்த வீட்டுல இருந்திருக்கீங்களா ஐயா?"

"எங்க! நான் கொழும்புப் பக்கம், வத்தளையில. வாடகைக்குத்தான் விட்டிருந்தேன். மத்தியானம் வருவேன், வாடகைய வாங்கிட்டு அடுத்த பஸ்ஸுல போயிருவேன். ஒரு ராத்திரி அங்க தூங்கினதில்ல."

மதலேனா கொப்பியில் 'மத்தியானம்' என்று மட்டும் எழுதிக்கொண்டாள். பிறகு, "பாப்பம் ஐயா" என்றாள்.

அவள் பிறந்த வீடு அது. தமிழர் வீடுகள் எரிந்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவளுடைய அப்பா சவரிமுத்து குடும்பத்தோடு மாதா கோயிலில் அடைந்து கிடந்தார். மூன்றாம் நாள், லொறி வைத்திருந்த ஹெர்பர்ட் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசுவை அழைத்துக்கொண்டு கோயிலுக்கே வந்தார். லொறியோடு மாத்தளை வரும் ஞாயிறுகளில் அப்பாவோடு ஒரே பெஞ்சில் முழங்காலிட்டவர்தான். "எரிஞ்சா சாம்பல்தான் மிஞ்சும் சவரி. உயிர் பெரிசா, வீடு பெரிசா?" என்றார். கூரைத் தகட்டுக்குக்கூடக் காணாத காசுக்கு, அவர் விரல் வைத்த இடத்தில் எல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டார். பத்து வயது மதலேனா பக்கத்தில் நின்று பார்த்தாள். வீடு எரியவில்லை. அடுத்த மாதமே வாடகைக்காரர் குடிவந்தார்கள். அப்பா பல்லேபொலயில் யாரோ ஒருவருடைய மிளகுத் தோட்டத்து அறையில் இரண்டு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் செத்துப்போனார்.

மேல் வீதியில் வீட்டுக்கு விலை கிடையாது, மலைக்குத்தான் விலை. அந்த மலைக்கு ஒரு நேரம் உண்டு. ஐப்பசியிலிருந்து தை முடியும்வரை, விடிந்ததிலிருந்து எட்டு மணிவரைக்கும்தான் நக்கிள்ஸ் மலை முழுசாகத் தெரியும். அப்புறம் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி மூடிவிடும், பின்னேரம் மழை. இது அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும். வாடகைக்காரர்களுக்கும் தெரியும், ஆனால் வாய் திறக்கமாட்டார்கள். மலை தெரிகிறது என்றால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிடுவாரே! தரகர்களுக்கும் தெரியும். கொழும்பு ஆட்களை முதல்நாளே வரவழைத்துத் தங்கவைத்து, காலை ஆறரைக்குக் கையில் தேத்தண்ணியோடு முற்றத்தில் நிறுத்துவார்கள். 'மலை காட்டுறது' என்று அதற்குப் பெயர்.

மதலேனா யாருக்கும் மலை காட்டவில்லை. பொய்யும் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து வந்தவர்கள் காலையில் புறப்பட்டு மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். அவள் கதவைத் திறந்துவிட்டுக் குடையோடு ஒதுங்கி நின்றாள்.

"மலை எங்க மிஸ்?" என்று ஒருவர் வெள்ளை மூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பக்கம்தான்."

"ஆண்டவருக்குத்தான் தெரியும்போல" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மாத்தளைப் புடவைக்கடை ஸக்கரியா மட்டும் உள்ளூர்க்காரர். விடிய வாறேன் என்று அடம்பிடித்தார். அவரை விடிய ஆறரைக்கே அழைத்துப்போய், நாலு வீடு தள்ளி, இதைவிட நல்ல முற்றத்தில் நிறுத்தினாள். அதையே வாங்கிக்கொண்டார்.

அவள் புருஷன் நோபர்ட் மார்கழியில் ஒருநாள் கேட்டான்: "அந்த ஆளுக்கு நீ என்னதான் செய்ற?"

"ஒண்ணும் செய்யல."

"அதத்தான் கேக்குறேன்."

நத்தார்ப் பெருநாளுக்கு முன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். சொன்னதைச் சொல்லலாம், செய்ததைச் சொல்லலாம். சொல்லாமல் விட்டதை எந்தப் பாவத்தில் சேர்ப்பது? முறை வருமுன் வெளியே வந்துவிட்டாள்.

பொங்கலுக்கு மறுநாள் ஹெர்பர்ட் போன் எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. "ஒருத்தரும் வாங்குறாங்க இல்லையே பிள்ள. டிக்கட்டும் போட்டாச்சு."

"ஒரு ஆள் இருக்கு ஐயா. பாதி விலைதான் குடுக்கும்." பிறகு, வருஷக்கணக்காக நாக்கின் கீழ் வைத்திருந்ததை மெல்ல எடுத்து வைத்தாள். "உயிர் பெரிசா, வீடு பெரிசா?"

 மதலேனா ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள்.

"நல்ல வார்த்த சொன்னீங்க" என்றார் ஹெர்பர்ட். "இந்தக் காலத்துல யார் இப்படிச் சொல்றாங்க!"

அவருக்கு ஞாபகமே இல்லை. 

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும்போது, வாங்குபவர் பெயரைச் சவரிமுத்து மகள் மதலேனா என்று முழுசாகப் போடச் சொன்னாள். "எனக்குத்தான் ஐயா" என்றபோது ஹெர்பர்ட், "யாருக்கா இருந்தா என்ன" என்றார். நொத்தாரிசு உரத்து வாசித்தார். சவரிமுத்து என்பவரிடமிருந்து ஹெர்பர்ட்டுக்கு, ஹெர்பர்ட்டிடமிருந்து சவரிமுத்து மகளுக்கு. ஹெர்பர்ட் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வைக்கணும்?" என்று கேட்டு, அவள் விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

"சாவி வீட்டு வாசல்லதான் கை மாறணும் ஐயா. நாளைக்கு எயார்போட்டுக்குப் போற வழியில வாங்க. விடிய ஆறரைக்கு."

வத்தளைப் பக்கத்து எயார்போட்டுக்கு வழியா அது? ஆனாலும் வந்தார். அன்றிரவு கண்டியில் தங்கி, ஏழரைக்குத்தான் வேனில் பெட்டிகளோடு வந்து இறங்கினார். மதலேனா அவரை வாசலில் நிறுத்தவில்லை. வீட்டைச் சுற்றி முற்றத்துக்கு அழைத்துப் போனாள்.

மலை நின்றது. அடியிலிருந்து உச்சிவரை, ஒரு மடிப்பு மறையாமல், நீலமாய், கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல. கீழே தேயிலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஹெர்பர்ட் முற்றத்து விளிம்புவரை போனார். சாவி கையிலேயே இருந்தது.

"இது... எல்லா நாளும் இப்படியா?"

"எல்லா நாளும். எட்டு மணி வரைக்கும்."

"ஒருத்தருக்கும் நீ காட்டலியே!"

"நீங்க கேக்கல. எங்கப்பா சவரிமுத்துவும் ஒண்ணும் கேக்கல ஐயா. மாதா கோயில்ல நீங்க விரல் வச்ச எடத்துல கையெழுத்து வச்சாரு."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். இப்போதுதான் பார்த்தார். நெற்றியில், மூக்கில், தாடையில் அவர் கண் ஒவ்வொன்றாகப் போய் நின்றது. வேன்காரன் ஹோர்ன் அடித்தான். ஹெர்பர்ட் அசையவில்லை. மதலேனா கை நீட்டியபடி காத்திருந்தாள், அவளுக்கு அவசரமில்லை. கடைசியில் சாவி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

பள்ளத்திலிருந்து மூட்டம் மேலே ஏறத் தொடங்கியது. முதலில் அடிவாரம், பிறகு தோள்.

"கொஞ்சம் நின்னு பாத்துட்டுப் போகட்டா பிள்ள?"

உச்சியும் மறையும்வரை அவள் பதில் சொல்லவில்லை.

"மூடிருச்சு ஐயா" என்றாள். "நீங்க போங்க."