சத்தம் போடாத சாமான்

பதினொன்று ஐந்துக்கு முதலாளி மாலையோடு வந்தார். அவள் வாசற்படியை விட்டு நகரவில்லை.

"கொஞ்சம் வழி விடும்மா."

"எதால கழட்டினார்?"

அவருக்குப் புரியவில்லை. மாலை கனமானது. இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார். பின்னால் பட்டறை ஆட்கள் ஆறேழு பேர். எல்லோரும் தேய்த்துக் குளித்திருந்தார்கள். நகக்கண்களில் மட்டும் கறுப்பு போகவில்லை.

"எங்கப்பா நேத்து அந்த போல்ட்டை எதால கழட்டினார்? நீங்க டஜனா வாங்கின ராட்செட்டாலதானே?"

தெருவில் போட்டிருந்த நாற்காலிகளில் பேச்சு நின்றது. சித்தப்பா உள்ளிருந்து ஓடி வந்து அவள் முழங்கையைப் பிடித்தார்.

"இதுவா நேரம்? பெரிய மனுஷன் வாசல்ல நிக்கிறார்."

"ரெண்டு மணிக்கு வண்டி வந்துடும் சித்தப்பா. அப்புறம் இவர் பட்டறைக்குப் போயிடுவார். நான் எங்க போய்க் கேக்கறது?"

"அதுக்கு இப்படியா? நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கையை விடுங்க."

அவர் கையை விட்டார்.

அப்பா லாரிப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக். நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு லாரியின் கேபினுக்குப் பின்னால், அடிச்சட்டமான சேஸிஸின் மேல் நின்று, டீசல் டாங்கியைப் பிடித்திருந்த துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் ராட்செட்டை நெஞ்சுக்கு இழுத்தபோது அது பிடி விட்டது. பின்பக்கமாக விழுந்தார். ஐந்தடிதான். கீழே, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழியின் விளிம்பில் இரும்புச் சட்டம் இருந்தது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் வெளியே வந்து, ஆள் போய்விட்டார் என்று சொன்னார்கள்.

இதை அவளுக்குப் போனில் சொன்னவர் முதலாளிதான். "கை நழுவிடுச்சும்மா" என்றார். வண்டி பிடித்து வந்த மூன்று மணி நேரமும் அவள் அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டிருந்தாள். முப்பத்தொரு வருடம் நழுவாத கை.

அவளுக்கு வேலை கைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலையில், சோதனை அறையில். ராட்செட்டின் தலையை ஒரு பிடியில் இறுக்கி, கைப்பிடியை இயந்திரம் இழுக்க, அது எந்த எடையில் கைவிடுகிறது என்று பார்த்து எழுதுவது. ராட்செட்டுக்குள் ஒரு பல் சக்கரம் உண்டு. அதைக் கடித்து நிறுத்த ஒரு சின்ன இரும்பு நாக்கு. ஒரு பக்கம் திருப்பினால் நாக்கு வழுக்கிக்கொண்டே போகும், மறுபக்கம் இழுத்தால் கடிக்கும். ஆளின் முழு பலமும் சுண்டு விரல் நகம் அளவுள்ள அந்த நாக்கில்தான் நிற்கிறது. நாக்கு கடிக்காவிட்டால் இழுத்தவன் தன் பலத்தோடு தானே போய் விழுவான்.

இரண்டு வருடத்துக்கு முன் முதலாளி பட்டறைக்கு ஒரு டஜன் ராட்செட் வாங்கிப் போட்டார். மலிவோ மலிவு. ஒரு நல்ல ராட்செட்டின் விலைக்குப் பன்னிரண்டும் வந்தன. முதல் மாதமே ஒன்று நழுவி, கைப்பிடி திரும்பி அடித்து, ஒருவருக்கு முன்பல் இரண்டும் போயின. அன்றிலிருந்து அவர் பெயர் பொக்கை. அவள் லீவில் வந்தபோது அந்த டஜனில் மூன்றை எடுத்துப்போய்ச் சோதித்தாள். ஒன்று எந்த விலையுயர்ந்த சாமானுக்கும் குறையாமல் நின்றது. இரண்டாவது அதில் பாதியில் விட்டது. மூன்றாவது, ஒரு பெண்பிள்ளை இழுக்கும் இழுப்புக்கே விட்டது.

எழுதி எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள்.

"பன்னெண்டும் ஒரே டப்பாவுலதானேம்மா வந்துச்சு?" என்று சிரித்தார் அவர்.

"அதைத்தான் சொல்றேன். ஒரே டப்பா. எது காப்பாத்தும், எது ஆளைக் கவுக்கும்னு உங்களுக்கும் தெரியாது, செஞ்சவனுக்கும் தெரியாது. நல்ல சாமானுக்கு ஏன் அவ்வளவு விலை? முதல்ல செஞ்சது எப்படியோ, ஆயிரமாவதும் அப்படி இருக்கும். அதுக்குத்தான்."

"சரிம்மா, பாக்கலாம்" என்றார்.

பார்த்துவிட்டார். இப்போது மாலையோடு நிற்கிறார்.

"நீங்க வாயால சொல்லிட்டு உள்ள வாங்க" என்றாள். "என் சாமான் சரியில்ல, அதால போயிட்டார்னு சொல்லுங்க. அவர் காதுல விழாது. ஆனா எங்கம்மா காதுல விழணும். கை நழுவிச்சுன்னு இனிமே ஒருத்தர் சொல்லக் கூடாது."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாக, "அது எங்க ராட்செட் இல்லம்மா" என்றார்.

"பொய்."

"நான் ஏம்மா பொய் சொல்றேன்? அவர் எங்க சாமானைத் தொட்டே எட்டு மாசம் ஆகுது. சொந்தமா ஒண்ணு வச்சிருந்தார். அதான்."

அவள் பொக்கையைப் பார்த்தாள். அவர் முதலாளிக்குப் பின்னால் ஒரு துணிப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார்.

"நீங்க சொல்லுங்க. உங்க பல்லைப் பறிச்ச சாமானுக்கு நீங்களும் சாட்சி சொல்லாதீங்க."

"முதலாளி சொல்றது நெசம்தான்" என்றார் பொக்கை. காற்று கலந்த பேச்சு. "நீ குடுத்தியே, அதான். வேற யாரையும் தொட விட மாட்டார். எங்கிட்டயே ஒரு தடவை, பல்லு இல்லாதவனுக்கு எதுக்குடா பல்லு ஜாஸ்தி உள்ள சாமான்னார்." சிரிக்கப் போய், உள்ளே கிடத்தியிருப்பவர் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். பையை நீட்டினார். "அவர் டப்பா, சட்டை, எல்லாம் இதுல இருக்கு. அதுவும் இருக்கு."

அவள் பையைப் பிடுங்கினாள். சாப்பாட்டு டப்பா யாரோ கழுவித் துடைத்ததாக இருந்தது. சட்டைக்கு அடியில் அது கைக்குத் தட்டுப்பட்டது. பார்க்காமலே தெரிந்தது. அந்த எடையும் கழுத்தின் வளைவும் அவள் அறையில் தினம் தொடுவது.

அவள் தொழிற்சாலை செய்வதிலேயே மேலானது. தொண்ணூறு பல். அப்பா முன்பு சொந்தமாக வைத்திருந்த பழைய ராட்செட்டில் இருபத்து நாலு. அது திரும்பினால் கட கடவென்று தெருவுக்கே கேட்கும். இது எண்ணெய் போட்ட கடிகாரம் போல் சர்ரென்று போகும். கை நுழையாத சந்தில்கூட இரண்டு விரல் அகலம் அசைத்தால் போதும், அடுத்த பல்லைக் கடித்துவிடும். இந்தக் குறிப்பிட்ட ஒன்றை அவளே பிடியில் மாட்டி இழுத்துப் பார்த்துத்தான் கொண்டுவந்தாள். எழுதியிருந்த எடைக்கு மேலும் நின்றது.

"இது விடாது" என்றாள்.

முதலாளி பொக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"இது விடவே விடாது. நீங்க மாத்தி வச்சிருக்கீங்க. விழுந்ததும் உங்க சாமானை எடுத்து ஒளிச்சுட்டு இதைப் பையில போட்டுட்டீங்க."

"அம்மா!" என்றார் முதலாளி. முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "அடிபட்ட ஆளைத் தூக்கறதா, இரும்பை மாத்தறதா? என்ன பேச்சு பேசறே?"

"அவர் கையிலேருந்து நான்தான் எடுத்தேன்" என்றார் பொக்கை. "விரலைப் பிரிச்சு எடுத்தேன்."

அவள் ராட்செட்டின் தலையைக் கட்டைவிரலால் திருப்பினாள். திரும்பியது. மறுபக்கம் திருப்பினாள். அதுவும் திரும்பியது. இரண்டு பக்கமும் சத்தமே இல்லை.

"போன திங்கக்கிழமையிலேருந்தே சத்தம் நின்னுபோச்சு" என்றார் பொக்கை. "நாங்க கேட்டதுக்கு, நல்ல சாமான்னா சத்தம் போடாதுடா, பழகப் பழக இன்னும் அமைதியாயிடும்னு பெருமையா சொன்னார்."

"ஸ்குரூ டிரைவர்."

பொக்கை சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னதை எடுத்துக் கொடுத்தார். அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். மாலையோடு முதலாளியும் ஆட்களும் சுற்றி நின்றார்கள். பின்தகட்டில் இரண்டு திருகுகள். இரண்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். தகடு சுலபத்தில் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. நெம்பினாள்.

உள்ளே கிரீஸ். பல் தெரியவில்லை. நாக்கு தெரியவில்லை. லாரிச் சக்கரத்துக்கு வைக்கும் பழுப்பு கிரீஸ், அல்வா போல் கெட்டியாக, மூலை முடுக்கெல்லாம் அழுத்தி நிரப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். நாக்கு சக்கரத்தைத் தொடாமல் அதில் புதைந்து நின்றது. அதைத் தள்ள வேண்டிய ஸ்பிரிங் நெல்மணி அளவு. அதன் பலம் இந்தச் சேற்றுக்கு எந்த மூலைக்கு? லேசான வேலைக்கு இத்தனை நாள் எப்படியோ அரைகுறையாகக் கடித்திருக்கும்.

தகட்டின் ஓரத்தைப் பார்த்தாள். ஒரு துளி வெளியே வழியவில்லை. சுற்றிலும் சுத்தமாகத் துடைத்திருந்தது. அப்பாவுக்கு அப்படித் துடைக்க வராது. அவர் வைத்தால் கைப்பிடி வரைக்கும் பிசுக்கு இருக்கும்.

அடுப்படி மேடைக்குக் கீழே அந்த கிரீஸ் டப்பா இருந்தது. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருந்தது. அப்பாவின் விரல்கள் மரத்துப்போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, அம்மா பழைய ராட்செட்டைப் பிரித்து, துடைத்து, கிரீஸ் வைத்து மூடுவாள். அந்தப் பழையது எதையும் தாங்கும். பல் ஒவ்வொன்றும் மாட்டுப் பல். ஸ்பிரிங்கும் முரட்டு ஸ்பிரிங். இருபது வருடம் வைத்தாள். ஒரு நாளும் நழுவவில்லை. அது தொலைந்த பிறகுதான் அப்பா பட்டறைச் சாமானைத் தொட்டார்.

நல்லதுக்கு கிரீஸ் ஆகாது. மாதம் இரண்டு சொட்டு எண்ணெய், மெல்லியது, அவ்வளவுதான். இது சோதனை அறையில் எல்லோருக்கும் தெரியும். டப்பாவுக்குள் வைக்கும் தாளில் அச்சிட்டே இருக்கும். அந்தத் தாளின் மேல் மூலையில் விலையும் இருக்கும். விலையைப் பார்த்தால் அப்பா அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் தாளையும் டப்பாவையும் தொழிற்சாலைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வெறும் ராட்செட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். "கம்பெனியில கழிச்சுப் போட்டதுப்பா, சும்மா கெடந்துச்சு" என்றாள். "உங்க கம்பெனி உருப்படாது, இவ்ளோ நல்ல சாமானைப் போய்க் கழிக்கிறானுங்க" என்று அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எண்ணெய் பற்றி அவள் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டென்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"என்னம்மா இருக்கு உள்ள?" என்றார் முதலாளி. கேட்பதற்கே பயந்தவர் போலக் கேட்டார்.

பொக்கை குனிந்து பார்த்தார். அவருக்குத் தெரியும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. வாயைத் திறக்கப் போனார். அவள் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். பொக்கை நிமிர்ந்து, தெருவின் மறுபக்கம் எதையோ தேடினார்.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. நேற்றிலிருந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து கதவோரம் நின்றாள். நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

அம்மாவைப் பார்த்ததும் அவள் தகட்டை வைத்து மூடினாள். முதல் திருகு விரலில் நிற்காமல் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை ஏறியது. கட்டைவிரலைத் தன் புடவையிலேயே துடைத்தாள்.

"சாமான் சரியில்ல" என்றாள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "நான் குடுத்த சாமான்தான் சரியில்ல. கம்பெனியில கழிச்சது. கழிச்சதைக் கொண்டுவந்து குடுத்தேன். போதுமா? உள்ள போங்க."

எழுந்து வழிவிட்டாள்.

முதலாளியின் தோள்கள் இறங்கின. ஒரு விரற்கடை அளவுதான். அவள் அதைப் பார்த்தாள். கையிலிருந்த இரும்பால் அந்தத் தோளிலேயே ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. அவருடைய அலமாரியில் அந்தப் பன்னிரண்டில் மிச்சம் இன்னும் இருக்கும். நாளைக் காலையில் எட்டு மணிக்குத் திறந்து எடுத்துக் கொடுப்பார். அவள் இனி வாயைத் திறக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மாலை கதவில் உரசாமல் ஒருக்களித்து உள்ளே போனார். ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள்.

"உம் மேல எதுக்கு இழுத்துப் போட்டுக்கற?" என்றார் சித்தப்பா.

"நீங்க போய் வண்டிக்குப் போன் பண்ணுங்க."

"பண்ணிட்டேன். ஆனா..."

"இன்னொரு தடவை பண்ணுங்க."

அவர் போனார். வாசலில் அவளும் அம்மாவும் மட்டும். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். நகத்துக்கடியில் பழுப்பாக இருந்தது. அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

அம்மா ராட்செட்டை அவளிடமிருந்து வாங்கினாள். முந்தானையால் கைப்பிடியைத் துடைத்தாள். தலையை ஒரு விரலால் திருப்பினாள். காதருகே கொண்டுபோனாள்.

"எட்டு மாசமா காஞ்சு கெடந்துச்சு. என்னைத் தொட விடவே இல்ல. போன ஞாயித்துக்கிழமை அவர் தூங்கினப்புறம் எடுத்து நான்தான் கிரீஸ் வச்சேன்" என்றாள். "கொறைச்சலா வச்சுட்டேனா?"