கட்சியில்லாத கறுப்பு

மாமனார் வீட்டில் குடியிருக்கிற மருமகனுக்கு வாய் கொஞ்சம் கட்டுப்பட்டிருப்பது நல்லது. அஃப்ராஸுக்கு அது தெரியும். ஊர் வழக்கப்படி எத்தாளையில் பெண் வீட்டுக்கே வந்து குடியேறிய நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு அவன் நிறுத்திக்கொள்வான். அந்த வீட்டில் வாயை அடக்கத் தெரியாதவர் மாமனார்தான்.

மாமனார் இப்றாஹிம் ஹாஜியார் அந்த ஊர் மீனவர் சங்கத்தின் தலைவர். சங்க மண்டபத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த கையோடு, பழைய தலைவர்கள் எட்டுப் பேரின் படங்களையும் சுவரில் மாட்டுவது என்று கமிட்டி முடிவெடுத்தது. எட்டுப் பேருமே மௌத்தாகி மறைந்தவர்கள். படங்களைச் சிலாபம் டவுன் ஸ்டூடியோவில் கொடுத்து அடிப்போம் என்றார் ஜபார். ஹாஜியார் இடது என்றால் வலது என்று சொல்வதற்காகவே கூட்டத்துக்கு வருகிறவர் அவர்.

"சிலாபம் என்னத்துக்கு? எங்கட மருமகன்ட ஸ்டூடியோ இரிக்கே," என்று எழும்பினார் ஹாஜியார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "வருடாந்தக் கூட்டத்துக்கு முதல் எல்லாப் படமும் ஒரே சீரா இந்தச் சுவரில தொங்கும். தொங்காட்டி நான் தலைவர் கதிரையை விட்டுடுறன்."

"எல்லாருக்கும் கேட்டிச்சு தானே?" என்று ஜபார் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

அந்தச் சொல்லை வெறும் வீறாப்பு என்று தள்ளிவிட முடியாது. ஹாஜியாருக்கு முழங்கால் போய், கடலுக்கு இறங்காமல் விட்டு நெடுங்காலமாகிறது. காலையில் குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, அத்தர் பூசி அவர் வீட்டை விட்டுப் புறப்படுவது அந்தக் கதிரைக்காகத்தான். அது போனால் மனிதர் என்ன செய்வார் என்று யோசிக்கவே அஃப்ராஸுக்குக் கவலையாக இருந்தது. தன்னால் அது போய்விடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய கவலை.

முகங்களைத் தேடிப் பிடித்ததே ஒரு வேலை. ஒருவர் அடையாள அட்டையில் கிடந்தார். ஒருவரை ஹஜ் பாஸ்போட்டிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் கலியாண வீட்டுக் கூட்டத்தில் புரியாணிச் சஹன் தட்டுக்கு முன்னால் வாய் நிறையச் சோற்றோடு இருந்தார். அந்த வாயை மூட வைக்க அஃப்ராஸ் கம்பியூட்டரில் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். எல்லோரையும் கறுப்பு வெள்ளையாக்கி, ஒரே அளவில் வெட்டி, கலியாண வேலைகளுக்கு நடுவே நேரம் கிடைத்தபோதெல்லாம் ஒவ்வொன்றாக அடித்து வைத்தான். நடுவில் பேப்பர் பக்கற் முடிந்தது, வேறொன்று வாங்கினான். மை குறைந்தது, கிடைத்த போத்தலை ஊற்றினான். ஸ்டூடியோ டியூப் லைட்டில் எட்டுப் படமும் சுத்தமான கறுப்பு வெள்ளை.

கறுப்பு வெள்ளை அடிப்பது கலரை விடச் சுகம் என்று நினைக்கிறவர்கள் அடித்துப் பார்க்காதவர்கள். மையில் அடிக்கிற பிரின்டருக்குச் சாம்பல் நிறம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. நீலம், ரோஸ், மஞ்சள் மூன்றையும் துளித்துளியாகக் கலந்துதான் அது சாம்பலை உண்டாக்குகிறது. ஒரு துளி கூடினால் போதும், சாம்பல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்தது டியூப் லைட்டில் தெரியாது. வெயில் வெளிச்சத்தில் மறைக்க முடியாது.

சங்க மண்டபமோ கடலைப் பார்த்த மண்டபம். யன்னல் முழுக்க வெயில். மாட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால், எட்டுப் பேரும் எட்டுத் திசையில் சாய்ந்திருந்தார்கள்.

வேறு நாடாக இருந்தால், நிறம் கொஞ்சம் பிசகிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள். இந்த நாட்டில் நிறங்களுக்குக் கட்சி உண்டு. ஜபாரின் வாப்பா சாகும்வரை நீலக் கட்சி. தன் மீன்பிடிப் போட்டுக்குக்கூட நீலத்தைத் தவிர வேறு பெயின்ட் காட்டாதவர். சுவரில் அவர் பச்சையாய் இருந்தார். ஹாஜியாரின் வாப்பாவும் பழைய தலைவர்தான். தலைமுறை தலைமுறையாகப் பச்சைக் கட்சி. அவரோ நல்ல நீலம். சங்கத்தைத் தொடங்கிவைத்த பெரியவர் எந்தக் கட்சிக்கும் போகாமல் கண்ணியமாய் வாழ்ந்து முடித்தவர். அவர் இலேசாகச் சிவந்துபோயிருந்தார்.

"எங்கட வாப்பா கபுறுக்குள்ள போனதுக்குப் பிறகு கட்சி மாறினவரா?" என்று ஜபார் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். அவர் மிகவும் அமைதியாகக் கேட்டார். "இதுக்குத்தானா ஹாஜியார் சிலாபம் வேணாம் எண்டது?"

படங்கள் அன்றைக்கே கழற்றப்பட்டன. மண்டபத்தில் மருமகனை விட்டுக்கொடுக்காத ஹாஜியார் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எங்கட வாப்பா நீலத்துக்கு ஒருநாளும் வோட்டுப் போட்டதில்ல மகன்," என்றார். மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டு இன்னொரு முறையும் அதையே சொன்னார். கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை; அதுவரைதான் தவணை.

மறுநாளிலிருந்து அவன் வேறு வேலை எதையும் தொடவில்லை. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக இருளும் சின்னச் சின்னக் கட்டங்களை ஒரு துண்டுப் பேப்பரில் அடித்தான். அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான், குசினிக்குப் போனான், மரநிழலுக்குப் போனான். தெருவோரக் கடையின் மஞ்சள் பல்புக்குக் கீழே நின்று பார்த்தான். கடைக்காரர், "என்ன வேணும் தம்பி?" என்று கேட்டபோது, "ஒண்டும் வேணாம், வெளிச்சம் மட்டும்," என்றான். அவர் அதன் பிறகு அவனைக் கொஞ்சம் பாவமாகத்தான் பார்த்தார்.

"பச்சப் புள்ளையத் தூக்கிட்டுத் திரியிற மாதிரி அந்தக் கடுதாசியத் தூக்கிட்டுத் திரியிறீங்க," என்றாள் அவன் மனைவி அஸ்கா. ஆனால் கேட்டபோதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "இதில மூணாவது கட்டம் பச்சை" என்பாள். "இது ரோஸ்" என்பாள். ஒருநாள் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இதில ஒரு நிறமும் இல்ல," என்றாள். அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது அவனுக்கு. குசினியில் மாமி நின்றதால் சும்மா இருந்தான்.

அவன் கண்டுபிடித்தது இதுதான். கலர் மைகளை அண்டவிடாமல் கறுப்பு மையை மட்டும் கொண்டு அடிக்க வேண்டும். பளபளப்பில்லாத பேப்பர் வேண்டும். எல்லாம் ஒரே பக்கற்றிலிருந்து. ஒரே போத்தல் மை, ஒரே இருப்பில் முழுவதையும் அடித்து முடிக்க வேண்டும். அடித்த சூட்டில் பார்த்து மயங்காமல் ஒரு நாள் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கிட்டப் போய் உற்றுப் பார்த்தால் கன்னத்தில் பொடிப் புள்ளிகள் தெரியும். புள்ளிக்குக் கட்சி கிடையாது.

எல்லாம் சரியாக வந்த அந்த நிமிடத்தில்தான் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனையில் பிழை என்று ஒன்றுமில்லை. மாமாவும் ஒருநாள் பழைய தலைவர் ஆகத்தானே போகிறார், அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். அன்றைக்கு இந்தப் பேப்பர் இருக்காது, இந்த மை இருக்காது. இந்தப் பிரின்டரே இருக்குமோ தெரியாது. அப்போது அடிக்கிற படம் இந்த எட்டோடு ஒருநாளும் சேராது. ஆகவே மாமாவின் படத்தையும் இப்போதே, இதே சூட்டில் அடித்துவிட்டான். வெறும் படமாக வைத்தால் உப்புக் காற்றுக்கு வேறு மாதிரி மங்கும் என்பதால் மற்றவை போலவே கண்ணாடி போட்டு பிரேம் அடித்தான். கீழே பெயரும் எழுதினான். ஒன்பதையும் ஸ்டூடியோவில் வரிசையாகச் சாத்தி வைத்துப் பார்த்தபோது ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியவில்லை. தன் கைவேலையைப் பார்த்துத் தானே சொக்கிப்போனான் மனிதன்.

வியாழக்கிழமை நுரைச்சோலையில் ஒரு கலியாணத்துக்குப் படம் பிடிக்கப் போயிருந்தான். திரும்பி வரும்போது அஸ்கா, "முபாறக் நானா வந்து படங்களைக் கொண்டு போனார், இண்டைக்கே மாட்டுறாராம்," என்றாள். முபாறக் சங்கத்தின் செயலாளர். கொடுத்த வேலையைக் குறைவில்லாமல் செய்கிறவர். ஒரு பாரம் இறங்கியதென்று அஃப்ராஸ் போய்ப் படுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் பள்ளியிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்தார்கள். சனத்துக்குப் பின்னால் நின்ற அஃப்ராஸுக்குத் தலைகளும் தொப்பிகளும்தான் தெரிந்தன. கூட்டம் தொடங்குமுன் மறைந்த தலைவர்களுக்காக துஆ ஓதும்படி பள்ளிவாசல் லெப்பையைக் கேட்டார்கள். லெப்பை போன மாதம்தான் ஊருக்கு வந்தவர். சுவரைப் பார்த்து, பிரேமுக்குக் கீழே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொருவருக்கும் "மர்ஹூம்" என்று, இறந்தவர்களுக்குச் சொல்கிற சொல்லை, முன்னால் சேர்த்து, கபுறு விசாலமாகட்டும் என்று கேட்டார். சனம் கண்ணை மூடி ஆமீன் சொன்னது.

"மர்ஹூம் இப்றாஹிம் ஹாஜியார்," என்றார் லெப்பை கடைசியாக.

"ஆமீன்," என்றது சனம். ஹாஜியாரும் பழக்கத்தில் சேர்ந்து சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. முபாறக் மூன்று வரிசையாக, வரிசைக்கு மூன்றாக, நூல் பிடித்தது போல ஒன்பது படத்தையும் மாட்டியிருந்தார். கடைசி வரிசையின் கடைசியில் ஹாஜியார் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்த ஒருவர் தொப்பியைக் கழற்றி வாயைப் பொத்திக்கொண்டார். அஃப்ராஸுக்குக் காது இரண்டும் கொதித்தன.

ஜபார் எழும்பினார். நேராகச் சுவருக்குப் போய்த் தன் வாப்பாவைப் பார்த்தார். யன்னல் பக்கம் நின்று பார்த்தார், கதவுப் பக்கம் நின்று பார்த்தார், போனில் லைட்டைப் போட்டும் பார்த்தார். குறை தேடி வந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. "கடலால வந்து முற்றத்தில நிக்கிற மாதிரி இரிக்கி," என்றார். திரும்பிச் சனத்தைப் பார்த்தார். "ஹாஜியார் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டார். நான் இல்லையெண்டு சொல்ல மாட்டன்."

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்கத்தானே இத்தனை பாடும். அஃப்ராஸ் முன்னால் வந்து, ஒன்பதாவது படம் தெரியாமல் இங்கே வந்துவிட்டது என்றும், ஏன் அதையும் சேர்த்து அடித்தான் என்றும் தட்டுத்தடுமாறிச் சொன்னான். முபாறக் கதிரையில் ஏறி அதைக் கழற்றினார். சுவரைப் பார்த்தால், முன்பல் விழுந்த வாய் போல இருந்தது. சனம் முணுமுணுத்தது. "நல்லாவே இல்ல," என்றார் ஒருவர். "மாட்டுங்க முபாறக், மாட்டுங்க," என்றார்கள் பலர். மாட்டினார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"பதவியில இரிக்கிற தலைவர் பழைய தலைவர்மார்ட சுவரில தொங்க ஏலாது தானே?" என்று முபாறக் கதிரையில் நின்றபடியே கேட்டார். அவருக்கு எதுவும் முறைப்படி நடக்க வேண்டும். "படத்தைக் கழட்டவும் விடமாட்டீங்க. அப்ப நான் எதைக் கழட்டுற?"

"ஹாஜியாரைக் கழட்டுங்க," என்றது பின்வரிசை.

மண்டபம் சிரித்தது. சிரித்துக்கொண்டே ஜபாரின் பெயரை யாரோ முன்மொழிந்தார்கள், சிரித்துக்கொண்டே இன்னொருவர் வழிமொழிந்தார். கைகள் எழும்பின. அதில் வன்மம் கொஞ்சமும் இல்லை. துஆ ஓதி, சுவரில் இடம் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவைக்கிற கைகள். ஜபாரே கையை உயர்த்தக் கூச்சப்பட்டு நின்றார். ஹாஜியார் யாரையும் பார்க்கவில்லை. சுவரில் தன் படத்தையும், நடு வரிசையில் இருந்த தன் வாப்பாவின் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே சாம்பலில், ஒரே வெளிச்சத்தில், மூக்கும் தாடையும் அச்சடித்த மாதிரி இருந்தன. கடைசியாக எழும்பிய கை அவருடையது.

அஃப்ராஸ் அவரை மோட்டர்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். அழ வேண்டும் போலவும் இருந்தது, படங்கள் அவ்வளவு நன்றாக வந்ததில் உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. அந்த நேரத்தில் பெருமைப்படுகிற தன்னை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"மாமா, நான் செஞ்சது பெரிய பிழை," என்றான்.

"நீங்க ஒரு பிழையும் செய்யல்ல மகன்," என்றார் ஹாஜியார் பின்னாலிருந்து. "அதுதான் வினை. கொஞ்சம் பிழையா அடிச்சிருந்தா என்ட படத்தைக் கழட்டியிருப்பாங்க, நான் இன்னும் தலைவர்."

உப்புக் காற்று முகத்தில் அடித்தது. மோட்டர்சைக்கிள் வீட்டு ஒழுங்கைக்குத் திரும்பியது. வாசலில் இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சற்று நின்று, சாரத்தைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"நாளைக்குக் காலையில ஸ்டூடியோவை எத்தன மணிக்குத் திறக்கிற?"