தாடைக்குக் கீழே ஏழு மில்லி

அவனுக்குப் பட்டறையில் மில்லி என்று பெயர். எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில்தான் பதில் சொல்வான். "கதவைக் கொஞ்சம் சாத்துப்பா" என்றால் "எத்தனை மில்லி?" என்பான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, ஆள் சாயந்திரமானால் ஊற்றிக்கொள்வான் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அவன் டீயைக்கூட அரை கிளாஸுக்கு மேல் குடித்ததில்லை.

தீக்காயம் பட்டவர்கள் அணியும் அழுத்த உடைகளைச் செய்கிற பட்டறை அது. காயம் ஆறிய இடத்தில் தோல் தடித்து மேடு தட்டாமல் இருக்க, உடம்போடு ஒட்டி இறுக்குகிற உடையை ஒரு வருஷம்வரை போட்டிருக்க வேண்டும். மில்லியின் வேலை அந்த உடம்பைக் காகிதமாக்குவது. கையடக்க ஸ்கேனரால் கழுத்தையோ தோளையோ சுற்றி வந்தால் அது கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக நிற்கும். அதன்மேல் தையல் கோடுகளை வரைந்து, பட்டனைத் தட்டினால் வளைந்த உடம்பு தட்டையான துண்டுகளாக விரிந்து விழும். சொல்வது சுலபம். பந்தின் தோலை உரித்து மேசைமேல் வைத்து அழுத்தினால், ஓரம் கிழியும், இல்லையென்றால் நடுவில் புடைக்கும். உடம்பும் அப்படித்தான். எங்கே பொருந்தாமல் இழுபடுகிறதோ அங்கே திரையில் சிவப்பாகக் காட்டும். அங்கே இன்னொரு வெட்டு போட்டு, துண்டை இரண்டாக்க வேண்டும். எல்லாம் நீலமானால் வேலை முடிந்தது.

அவன் விரித்த துண்டுகளைத் தைத்தவள் அவனுடைய அண்ணி. அண்ணன் மனைவி. அவள் அங்கே ஒன்பது வருஷமாகத் தைக்கிறாள். அவனுக்கு இந்த வேலைக்குச் சொல்லி வைத்ததும் அவள்தான். மூன்று பேரும் ஒரே வீடு. காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்.

அன்றைக்கு வெளி ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆறு பேர் பட்டறையைப் பார்க்க வந்திருந்தார்கள். முதலாளியம்மா அவர்களை மில்லியின் மேசைக்கே கூட்டிவந்துவிட்டாள். நாற்காலியில் ஒரு பஸ் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது ஆவி அடித்து, தாடையிலிருந்து தோள்வரை வெந்துபோன மனிதர்.

"ஸ்கேன்லேர்ந்து பேட்டர்ன் வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

"இருபது நிமிஷம்" என்றான் மில்லி. வழக்கமாக நாற்பது ஆகும்.

முதலாளியம்மா சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் ஸ்கேனை முடித்து, கோடு வரைந்து, விரித்தபோது பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. தாடைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

அங்கே ஒரு வெட்டு போட வேண்டும். அந்தத் தையல் தழும்பின்மேல் விழாமல் பார்க்க வேண்டும். கால் மணி நேர வேலை. அவன் பின்னால் ஆறு பேர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள். துணி எவ்வளவு இழுபடலாம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கிற இடத்தில் மூன்று சதவீதம் என்று இருந்தது. அதை அழித்து ஒன்பது என்று அடித்தான். சிவப்பு மறைந்தது. கழுத்து முழுக்க நீலமாகிவிட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். மெக்கானிக்கும் தட்டினார்.

"இறுக்கமாத்தான் இருக்கும். பொறுத்துக்கணும். அந்த இறுக்கம்தான் மருந்து" என்று வந்தவர்களுக்குக் கேட்கும்படி அவரிடம் சொன்னான் மில்லி. சாயந்திரம் ஃபைலைத் திறந்து சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். வந்தவர்களோடு சாப்பிட்டு, பேசி, பாராட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவந்தபோது துண்டுகள் வெட்டப்பட்டுத் தையல் ஹாலுக்குப் போயிருந்தன.

கொஞ்ச நேரத்தில் அண்ணி இரண்டு துண்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி, இதைப் பாரேன். இந்த ஓரம் அந்த ஓரத்தைவிட ஏழு மில்லி நீளமா இருக்கு. இழுத்துப் பிடிச்சாத்தான் சேரும். தாடைக்குக் கீழே கயிறு மாதிரி நிக்கும்பா."

அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். சற்றுமுன் கைதட்டியவர்கள்.

"கம்ப்யூட்டர் போட்ட கணக்கு அண்ணி அது. நீங்க தைங்க, போதும்" என்றான். "மில்லி என் டிபார்ட்மென்ட்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணியும் கொஞ்சம் சிரித்துவிட்டுத் துண்டுகளோடு திரும்பிப் போனாள்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மெக்கானிக்கின் தாடைக்குக் கீழே புதுத்தோல் கொப்புளித்து உடைந்துவிட்டது. முதலாளியம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டாள். மேசைமேல் அந்த உடை கிடந்தது. உள்பக்கத் தையலில் மஞ்சளாகக் கறை.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"பேட்டர்ன் சரியாத்தான் இருந்துச்சு மேடம். தைக்கும்போது இழுத்திருக்கலாம்" என்றான் மில்லி.

இழுத்துவிட்டாள் என்று அவன் சொல்லவில்லை. இழுத்திருக்கலாம் என்றுதான் சொன்னான். அந்த 'லாம்' தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்தான்.

அண்ணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கூட்டத்தில் யாரையோ தெரிந்தவர் என்று கூப்பிட்டுவிட்டு, திரும்பினால் வேறு ஆளாக இருக்கும்போது பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். பிறகு முதலாளியம்மாவிடம், "ஆமாம்மா. இழுத்துத்தான் தைச்சேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து அவளைத் தையலிலிருந்து எடுத்து, உடைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

வீட்டில் அண்ணன் கேட்டான்: "ஒன்பது வருஷமா தைக்கிறவளை எதுக்குடா திடீர்னு மாத்தினாங்க?"

மில்லி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி முந்திக்கொண்டாள். "நான்தான் கேட்டேன். கண்ணு கொஞ்சம் மங்கலா தெரியுது."

அண்ணன் பதறிப்போய் அடுத்த நாளே அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். திரும்பி வந்து வாசலிலேயே சிரித்தான். "டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? இவளுக்குக் கழுகுக் கண்ணாம். கடைசி வரியைக்கூட மடமடன்னு படிச்சுட்டாளாம்! வேலை செய்யச் சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்லை."

அண்ணியும் சிரித்தாள். மில்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க எழுந்ததுபோல எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். காது மடல் சுட்டது. முப்பத்திரண்டு வயசில் ஒருவன் இப்படி ஒளிந்து நிற்கிறானே என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில், மறுபடி ஸ்கேன் எடுக்க மெக்கானிக்கின் வீட்டுக்குப் போனான். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து முகவாயை உயர்த்திக் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவுக்குப் புண்.

"வலிச்சப்பவே கழட்டியிருக்கலாமே?" என்றான் மில்லி.

"மூணாம் நாளே வலிச்சுதுங்க. இறுக்கம்தான் மருந்து, பொறுத்துக்கணும்னு நீங்க சொன்னீங்களே. அதான் பொறுத்துகிட்டேன்" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை. சொன்னபடி நடந்துகொண்ட பிள்ளை மாதிரி சொன்னார். "இழுத்துத் தைச்சுட்டாங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னதும் அந்தத் தைக்கிற அம்மா மேல கோபமாத்தான் இருந்தேன். அப்புறம் யோசிச்சேன், நாமளும் எத்தனை நட்டை அவசரமா முறுக்கியிருக்கோம்னு."

மில்லி ஸ்கேனரைக் கீழே வைத்தான்.

"தைச்சவங்க மேல தப்பு இல்லைங்க. தப்பு என்னுது."

"கவனிக்காம விட்டுட்டீங்களா?"

"கவனிச்சேன். சிவப்பு காட்டுச்சு. எல்லாரும் பார்த்துகிட்டு இருந்தாங்க, அதனால அதை மறைச்சுட்டேன்."

மெக்கானிக் அவனையே பார்த்தார். "தெரிஞ்சேவா?" என்றார்.

"தெரிஞ்சே."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முகவாயை உயர்த்தினார். "எடுங்க. இந்தத் தடவை சரியா எடுங்க." அதற்குப் பிறகு அவர் அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போய் முதலாளியம்மா முன்னால் பழைய ஃபைலைத் திறந்தான். ஒன்பதை மூன்றாக மாற்றினான். தாடைக்குக் கீழே சிவப்பு பூத்தது.

அவள் திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "நானும் கைதட்டினேனே" என்றாள். பிறகு குரல் மாறியது. "இதை ஆஸ்பத்திரிக்கு எழுதணும். உன் கையெழுத்தோட. இனிமே நீ போடற எந்தப் பேட்டர்னும் இன்னொருத்தர் பார்க்காம வெட்டுக்குப் போகாது. உன் அண்ணி நாளைக்கே மெஷினுக்கு வரட்டும். எல்லார்கிட்டயும் நீதான் சொல்லணும்."

மறுநாள் காலை தையல் ஹாலில் நின்று சொன்னான். பதினான்கு மெஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அன்றைக்குச் சிரித்த இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணி மடிக்கும் மேசையில் நின்று, அவன் பேசி முடிக்கும்வரை கையிலிருந்த உடையை மடித்துப் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

சாயந்திரம் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவன் நின்றுகொண்டே வந்தான். இரண்டு நிறுத்தம் போனதும் அவளே கூப்பிட்டாள்.

"உட்காரு. பஸ் ஆடுது."

உட்கார்ந்தான். "அன்னைக்கே என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே அண்ணி."

"நீ சொல்லுவேன்னு பார்த்துகிட்டே இருந்தேன். நீ வாயைத் திறந்து என்னைச் சொன்னதும், எனக்குத்தான் வெட்கமாப் போச்சு. நம்ம வீட்டுப் பிள்ளை இப்படின்னு அந்தம்மா முன்னாடி எப்படிச் சொல்றது?"

"என்னை மன்னிச்சிடுங்க."

"சொல்லிட்டே இல்ல, விடு. உங்க அண்ணன்கிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்றதா இருந்தா நீ சொல்லு." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சேர்த்தாள்: "உன் முகத்தைப் பார்த்துகிட்டு நின்னேனே அந்தக் கொஞ்ச நேரம், அதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை."

வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் சொன்னான். அண்ணன் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மெக்கானிக்கின் புண் ஒரு மாதத்தில் ஆறியது. தாடைக்குக் கீழே வெட்டு வைத்துத் தைத்த புது உடை அவருக்குச் சரியாகப் பொருந்தியது. ஆனால் புண் ஆறிய இடத்தில் சின்னதாக ஒரு மேடு தட்டிவிட்டது. துணி தளர்ந்துபோவதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது உடை தைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்கேன். அவர் வந்து பேசாமல் உட்கார்ந்து முகவாயை உயர்த்துவார். திரையில் அந்தக் கழுத்து எழுந்து நிற்கும்போது அந்த மேடும் சேர்ந்தே நிற்கும். மில்லி அதைச் சுற்றித் தனியாக ஒரு கோடு வரைவான். நாற்பது நிமிஷம் ஆகும். சில நாள் ஐம்பதும் ஆகும்.