இருபத்தாறு வயதுக் கம்பிகள்

பெட்டியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை மூக்கில் அடித்தது. வேறு யாருடைய பெட்டியையோ திறந்துவிட்டோமோ என்று பாஸ்காரர் மூடிப் பார்த்தார். உடைந்த தாழ்ப்பாளும் அதைக் கட்டியிருந்த ஷூ லேஸும் அவருடையவைதான். மறுபடி திறந்தார். உள்ளே அவருடைய பாஸ் கிட்டார், குளிப்பாட்டித் தலைவாரி விட்ட பிள்ளையைப் போலப் படுத்திருந்தது. முன்கை உரசி உரசி வார்னிஷ் போன இடத்தில் மெழுகு பூசியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான்கு கம்பிகளும் புத்தம் புதிதாக மின்னின.

"எப்படிப்பா இருக்கு?" மகள் கதவருகே கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். பன்னிரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். "வீடியோ பார்த்து நானே மாட்டினேன். பழைய கம்பியில எவ்ளோ அழுக்கு தெரியுமா? பஞ்சுல தொட்டா கறுப்பா வருது. எங்க வார்டா இருந்தா உங்களை உள்ளயே விட்டிருக்க மாட்டாங்க."

"பழைய கம்பி எங்கம்மா?"

"நுனி யார் கையிலயாவது குத்திடுமேன்னு துண்டு துண்டா வெட்டி, டேப் சுத்தி, டப்பால போட்டு மூடி, குப்பை வண்டியில குடுத்துட்டேன்."

ஊசிகளை அப்படித்தான் எறிய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கற்றதைப் பிசகாமல் செய்திருக்கிறாள். "நல்லா இருக்கும்மா," என்றார் அவர்.

பாஸ் கம்பி புதிதில் கணீரென்று பேசும். வருஷம் போகப்போக விரலின் எண்ணெயும் வியர்வையும் ஏறிக் குரல் தணியும். கடைசியில் கடைக்காரர்கள் செத்த கம்பி என்று தூக்கி எறியச் சொல்வார்கள். பாஸ்காரருக்கு வேண்டியது அந்தச் செத்த கம்பிதான். மகள் பிறந்த வாரத்தில் மாட்டியதை அவர் இருபத்தாறு வருஷமாகக் கழற்றவே இல்லை. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு நிதானமாகப் பேசும் பெரிய மனிதரின் குரல் அதற்கு வந்திருந்தது. அந்தக் குரலைக் கடையில் வாங்க முடியாது.

அவருடைய குழு வாசிப்பது ப்ராக்ரசிவ் ராக். அதாவது, பாட்டு இருபது நிமிடத்துக்குக் குறையாது. தாளம் ஏழு என்று நம்பிக் காலை ஆட்டினால் பதினொன்றுக்குத் தாவிவிடும். ரசிகர்கள் ஆசையாகக் கைதட்ட ஆரம்பிப்பார்கள், தட்டு எங்கேயோ போய் விழும். நான்கு பேரும் முப்பத்திரண்டு வருஷமாகச் சேர்ந்து வாசித்து ஐந்து ஆல்பம் போட்டிருந்தார்கள். முதல் ஆல்பத்தை வாங்கியவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் அட்டைப்படத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள். பாஸ்காரர் வாசித்ததில் உலகம் அதிகம் கேட்டது ஒரு பற்பசை விளம்பரத்தின் நாலு ஸ்வரங்களைத்தான். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. விளம்பரங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டன, நீளப் பாட்டுகள் அவரைப் பார்த்துக்கொண்டன. முன்னறையில் பாதியை அவருடைய சாமான்கள் பிடித்துக்கொண்டிருந்தன. ஃபிரிட்ஜ் உயரத்துக்கு ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், அது சூடேறவே பத்து நிமிடம் ஆகும். பழைய ஆர்கன் ஒன்றிலிருந்து கழற்றிய கால்கட்டைகள், விரல்கள் மேலே ஓடும்போது காலால் கனத்த ஸ்வரங்களை மிதிப்பதற்கு. இவற்றுக்கு நடுவில் கிடந்த சோபாவில்தான் மகள் வளர்ந்தாள்.

வளர்ந்தாள் என்பதைவிடத் தூங்கினாள் என்று சொல்வது சரி. கைக்குழந்தையாக எதற்கும் அடங்காமல் கத்துவாள், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் போட்டு அப்பா கம்பியில் நாலு தட்டுத் தட்டினால் அடுத்த நிமிடம் வாயைப் பிளந்து தூங்கிவிடுவாள். இப்போது இரண்டு வருஷ நைட் டியூட்டியில் தூக்கம் அவளை விட்டுப் போயிருந்தது. லீவு கேட்டதே தூங்கத்தான். வந்த அன்று மதியம் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது சோபாவில் சாய்ந்தவள் நாலு மணிநேரம் அசையவில்லை. அந்தச் சந்தோஷத்தில், அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றுதான் மறுநாள் அவர் பல் டாக்டரைப் பார்க்கப் போன நேரத்தில் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

ஆம்ப்ளிஃபயர் சூடேறியதும் வாசித்துப் பார்த்தார். எவர்சில்வர் தட்டுகளை அடுக்குவது போலிருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், உள்ளே போனார்.

சாயங்காலம் டிரம்காரர் வந்தார். மனைவியின் அண்ணன். கராஜில் என்ஜின் பிரிப்பது பிழைப்பு, டிரம் அடிப்பது உயிர். ஆறாவது ஆல்பத்தின் பெரிய பாட்டில் இரண்டு பகுதிகளைப் போன மாதமே பதிவு செய்திருந்தார்கள். மூன்றாவது அடுத்த வெள்ளிக்கிழமை, சரியாக ஒன்பது நாளில். பாஸ்காரர் வாசித்ததை டிரம்காரர் அரை நிமிடம் கேட்டார்.

"மாப்ள, இது யாரு?"

மகள் கடைக்குப் போயிருந்ததால் பாஸ்காரர் விஷயத்தைச் சொன்னார்.

"பாதிப் பாட்டுல ஆள் மாறின மாதிரி இருக்குமே. மூணாவது பகுதியே உன்னை நம்பித்தான். நீ பத்து நிமிஷம் மெதுவா தாலாட்டிட்டே போகணும், எல்லாரும் கண்ணை மூடுற நேரத்துல என் அடி இடி மாதிரி விழணும்." அந்தக் கடைசி அடிக்காக எட்டு மாதம் மற்ற மூன்று பேரிடமும் மல்லுக்கட்டியவர் அவர். "கராஜ்ல க்ரீஸ் இருக்கு, கொஞ்சம் தடவிப் பார்ப்போமா?"

"கையை உடைச்சிடுவேன்," என்றார் தங்கை உள்ளிருந்து.

பாஸ்காரர் கம்பிகளுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டிச் செருகினார். குரல் அடங்கியது. ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு பேசும் அடக்கமாக இருந்தது.

மறுநாள் மதியம் மகள் சோபாவில் படுத்துக்கொண்டாள். "அன்னிக்கு வாசிச்சீங்களே, அதையே வாசிங்கப்பா." வாசித்தார். கால் மணிநேரம் கழித்துத் திரும்பினால் அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைட் டியூட்டி என்னை ஒரேயடியா கெடுத்துடுச்சு போலப்பா. முதல் நாள் ஏதோ அசதியில தூங்கியிருக்கேன். எனக்கு இனிமே இப்படித்தான்."

உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை, கம்பிதான் மாறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால், தன் தூக்கத்தைத் தானே துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டது அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் உடம்பே கெட்டுப்போனதாக நினைத்துக்கொண்டு திரும்பிப் போவாள். அதற்குப் பிறகு ஆல்பத்தைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

"சொல்லிடட்டுமா?" என்று சமையலறையில் கேட்டார்.

"வேண்டாம். அவ என்னை மாதிரி. ஆயுசுக்கும் அதையே நினைச்சிட்டு இருப்பா." மனைவி ஒரு தட்டு நிறைய வறுத்த உருளைக்கிழங்கை அவர் முன் தள்ளினார். "சாப்பிடுங்க. சாப்பிட்டுக் கையைக் கழுவாம போய் வாசிங்க."

பாஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து, கழுவாத கையோடு எதையாவது தொட்டால் வீட்டை இரண்டாக்கியவர் இவர்.

"என்ன பார்க்கறீங்க? இருபத்தாறு வருஷமா நான் வறுத்துப் போட்டதுதானே அந்தக் கம்பியில ஏறியிருக்கும்? எட்டு நாள்ல ஏத்திடலாம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்கவில்லை. பாஸ்காரர் வறுவலைத் தின்றார், வாசித்தார், வியர்த்தார், மறுபடி தின்றார். தினமும் ஆறு மணிநேரம் வாசித்ததில் விரல் நுனிகள் கன்றிப்போயின. மகள் தலையில் அடித்துக்கொண்டு அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். "இந்த வயசுல இவ்ளோ எண்ணெய் குடுக்கறியேம்மா, என்னம்மா நினைச்சிட்டு இருக்க?" பஞ்சை எடுத்துக்கொண்டு அவள் கிட்டார் பக்கம் போகும்போதெல்லாம் அம்மாவுக்கு அவசரமாகக் கடையிலிருந்து உப்போ தீப்பெட்டியோ தேவைப்பட்டது. உப்பு டப்பா நிரம்பி வழிந்தது. கம்பிகளின் மினுக்கு மங்க ஆரம்பித்தது. பழைய குரல் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. ஏழாம் நாள் ஸ்பாஞ்சைப் பாதியாக நறுக்கியபோது, அந்தப் பெரிய மனிதரின் தம்பி அடுத்த அறையில் பேசுவது மாதிரி இருந்தது. நல்ல தம்பிதான் என்று அவருக்குத் தோன்றியது, மனதுக்குள் சிரித்துக்கொண்டார். மகள் அப்போதும் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். மனைவி வறுவல் கட்டிய காகிதப் பொட்டலத்தோடு வந்தார், கம்பிக்குக் கடைசிப் பூச்சுக்காக. ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி இறக்கியதில் டிரம்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அதனால் முகம் இன்னும் உக்கிரமாக இருந்தது. பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவாளரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சோபா. மகள் அதில் ஷூவோடு நேராக உட்கார்ந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். மறுநாள் அவளுக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

மூன்றாவது பகுதி தொடங்கியது. முதலில் கால் மட்டும். ஒரு கனத்த ஸ்வரம் தரையிலிருந்து ஏறியது. அதன் மேல் விரல்கள், ஏழேழாக, அவசரமில்லாமல். ஆர்கன் வந்து சேர்ந்தது, கிட்டார் வந்தது. பாஸ்காரர் வாசிக்கும்போது நிமிர்ந்து பார்ப்பவரில்லை. ஆறாவது நிமிடத்தில் தாளம் பதினொன்றுக்கு மாறும் இடத்தில், கை தானாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஏனோ பார்த்தார்.

மகள் சாய்ந்திருந்தாள். ஒரு கால் சோபாவிலிருந்து தொங்கியது. தலை ஒருக்களித்து, வாய் பிளந்திருந்தது. அம்மா பொட்டலத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காகிதம் சலசலத்துவிடுமோ என்ற பயத்தில் சிலையாக உட்கார்ந்திருந்தார். ஒலிப்பதிவாளர் ஏதோ கேட்கத் திரும்ப, அம்மா உதட்டில் விரலை வைத்தார்.

பாஸ்காரருக்குக் கண் கலங்கியது. விரல் ஒரு ஸ்வரத்தைக்கூட விடவில்லை.

பிறகுதான் அவருக்கு அந்தக் கடைசி அடி ஞாபகம் வந்தது. இன்னும் நாலு நிமிடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு, சோபாவைப் பார்த்தபடி நின்றன. அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் அவரைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துச் சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, வலது கை அந்த அடிக்கென்றே வாங்கிய தடிமனான குச்சியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, காலடியில் கிடந்த பையில் துணி சுற்றிய கோலைத் துழாவிக்கொண்டிருந்தது.