வார்டேயின் பதினான்காம் இலக்கம்

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் அலுவலகத்தில் வாஃபிள் சுடுவது வழக்கம். அன்று மாவு கலக்க வேண்டிய முறை ஓஸ்னேயுடையது. அவள் கலக்கவில்லை. யாருக்கும் முகம் கொடுக்காமல் தன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். காரணம் நான்தான்.

நாங்கள் வார்டே என்ற கணினி நிரல்மொழியை உருவாக்கிப் பராமரிக்கிறவர்கள். பெர்கன் நகரத்தில் ஐந்து பேர். வெளியே அதில் எழுதுகிறவர்கள் பல்லாயிரம் பேர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அதைத் தனியாகத் தொடங்கியவன் நான் என்பதால், மொழியில் எதைச் சேர்ப்பது, எதைத் தூக்குவது என்ற தகராறுகளில் கடைசிப் பேச்சு என்னுடையது. அதை நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு வாரங்களுக்கு முன் துர்கு நகரத்திலிருந்து மாரித் என்ற வானியலாளர் ஒரு புகார் அனுப்பியிருந்தார். ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் நிலா எங்கே இருந்தது என்று ஒரே கணக்கை இரண்டு மொழிகளில் போட்டுப் பார்த்திருக்கிறார். எங்கள் ஐந்தாம் பதிப்பின் சோதனை வடிவத்தில் போட்டபோது நிலா தன் அகலத்தில் இருபதில் ஒரு பங்கு தள்ளி நின்றதாம். "இதில் யாருடைய நிலா சரி?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

எண் சம்பந்தமான கோளாறு என்றதும் எனக்கு ஒரே பெயர்தான் தோன்றியது. எண்களைக் கையாளும் பகுதி முழுவதையும் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து புதிதாக எழுதியிருந்தவள் ஓஸ்னே. ஐந்தாம் பதிப்பே அதை நம்பித்தான் வருகிறது. நான் விசாரிக்கவில்லை. எல்லோரும் படிக்கும் மடற்குழுவில், "பிழை ஓஸ்னேயின் பகுதியில். அதை முழுவதுமாக நீக்கிவிட்டுத் திங்கட்கிழமை வெளியிடுகிறோம்" என்று எழுதிவிட்டேன்.

"மூணு வருஷ உழைப்பை ரெண்டு வரியில குப்பையில போட்டுட்டியேடா," என்றான் எஸ்கில். என் வயதுக்காரன், வெளியீட்டுப் பொறுப்பு அவனுடையது. வாயில் வாஃபிளோடு தின்னும் பழுப்புப் பாலாடைக்கட்டி. "அவ ராஜினாமா எழுதிட்டு இருக்கான்னு நினைக்கிறேன். மாவை வேற நான் கலக்க வேண்டியதாப் போச்சு."

"பிழைன்னா பிழைதானே. மூஞ்சியப் பார்த்தா முடிவு பண்ண முடியும்?"

"நீ எதையுமே பார்க்கலையே. அதைத்தான் சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. வாஃபிளை மடித்து வாயில் திணித்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஓஸ்னே எழுந்து வந்தாள். கையில் ராஜினாமா எதுவும் இல்லை. கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

"ஹால்வர், கொஞ்சம் வாங்க. நான் எழுதினதை ஒண்ணு விடாம வெளிய எடுத்துட்டேன். எடுத்த பிறகும் நிலா தள்ளித்தான் நிக்குது."

"சரியா எடுத்திருக்க மாட்டே."

"நாலாம் பதிப்புல போட்டுப் பார்த்தேன். தள்ளி நிக்குது. மூணு, ரெண்டு, ஒண்ணு. எல்லாத்துலயும் அதே அளவு. முதல் பதிப்பு வந்தப்ப நான் காலேஜே முடிக்கலை. அதுக்கும் நான்தான் காரணமா?"

எஸ்கில் தட்டை வைத்துவிட்டு எங்கள் பின்னாலேயே வந்தான்.

வார்டேயில் முப்பது பாகை என்பதை 30° என்று அப்படியே எழுதலாம். என் யோசனை அது. பல மேடைகளில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறியைக் கண்டதும் கம்பைலர், அதாவது எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் நிரல், கணினி கோணங்களை அளக்கும் ரேடியன் அலகில் ஒரு பாகைக்கு உரிய எண்ணால் முப்பதைப் பெருக்கிவிடும். எங்கள் கம்பைலரும், முந்தையது அடுத்ததைக் கட்டித் தரும்படி, வார்டேயிலேயே எழுதப்பட்டதுதான். அதில் அந்த வேலையைச் செய்யும் வரியை ஓஸ்னே திரையில் காட்டினாள். '° வந்தால் 1° கொண்டு பெருக்கு.' அவ்வளவுதான் இருந்தது.

"இதுல எண்ணே இல்லையே," என்றான் எஸ்கில்.

"இல்லை. ஒரு பாகை எவ்வளவுன்னு இந்தக் கம்பைலருக்கு யார் சொன்னா?"

"இதைக் கட்டின முந்தின கம்பைலர்," என்றேன்.

"அதுக்கு?"

"அதுக்கு முந்தினது."

சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. பழைய சேமிப்பைத் தோண்டி, பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய மார்ச் மாதத்தைத் திறந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வரியில் எண் இருந்தது. 0.017453 என்று தொடங்கிப் பதினெட்டு இலக்கம். எழுதியவன் நான். வியாழக்கிழமை அதை அழித்துவிட்டு '1°' என்று போட்டிருந்தேன். மொழியே தன்னைச் சொல்லட்டும், வெறும் எண் அசிங்கம் என்று குறிப்பு வேறு. செவ்வாய்க்கிழமை எண்ணில் பதினான்காம் இடமும் பதினைந்தாம் இடமும் மாறிக் கிடந்தன.

இரண்டே நாள் இருந்த எண் அது. அதற்குப் பிறகு உலகத்தில் எந்தக் கோப்பின் எந்த வரியிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் ஒரு கம்பைலர் அடுத்ததைக் கட்டும்போது அதைக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறது. அது அதற்கடுத்ததற்கு. நூற்றுக்கணக்கான முறை, ஓர் இலக்கம் பிசகாமல். நான் எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும் என்று இருந்தேன். எழுதப்படாத ஒன்று அதற்குள் இத்தனை ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறது. பிழை என்று எரிச்சல் வரவேண்டிய இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் நிற்பதுபோல் மூன்று பேரும் அந்தக் குட்டி வரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஒவ்வொரு தடவையும் மூணு முறை கட்டிப் பார்ப்போமே," என்றான் எஸ்கில் மெதுவாக.

பழையதை வைத்துப் புதுக் கம்பைலரைக் கட்டுவோம், அதை வைத்து அதையே கட்டுவோம், கிடைத்ததை வைத்து மறுபடி கட்டுவோம். கடைசி இரண்டும் அச்சுப்பிசகாமல் ஒத்துப்போனால் சரி என்று கைகுலுக்கிக்கொள்வோம். பதினான்கு ஆண்டுகளில் ஒரு முறைகூட ஒத்துப்போகாமல் இருந்ததில்லை. பிழையும் சேர்ந்து ஒத்துப்போயிருக்கிறது.

"திருத்தணும்னா எண்ணை ஒரு தடவையாவது அந்த வரியில எழுதியாகணும்," என்றாள் ஓஸ்னே. நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே அடிங்க. கை தவறினது உங்களுக்குத்தானே."

அவள் குரலில் இருந்த சூடு எனக்கு நியாயமாகவே பட்டது. உட்கார்ந்தேன். அவள் ஒரு கணித அட்டவணைப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அது எனக்குத் தேவைப்படவில்லை. பதினாறு வயதிலிருந்து அந்த எண் எனக்கு மனப்பாடம். பள்ளியில் பெண்கள் முன்னால் ஒப்பித்துக் காட்டுவேன். மடமடவென்று அடித்தேன். ஒன்று, ஒன்பது, ஒன்பது, மூன்று, நான்கு.

"நிறுத்துங்க," என்றாள்.

புத்தகத்தில் நான்கு, மூன்று என்று இருந்தது.

"கை தவறிடுச்சு." அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். ஒன்பது, ஒன்பது, மூன்று, நான்கு.

எஸ்கில் குனிந்து புத்தகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

கை தவறவில்லை. அன்றைக்கும் தவறியிருக்காது. அந்த எண்ணை நான் அப்படித்தான் கற்றிருக்கிறேன். எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிந்ததோடு அது ஒத்துப்போயிருக்கிறது. வெட்கத்தில் காதுமடல் சுட்டது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"நீ அடி, ஓஸ்னே."

அவள் உட்கார்ந்து, புத்தகத்தில் ஒரு விரலை வைத்து, ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து அடித்தாள். அவள் எழுதியிருந்த பகுதியை நானே திரும்பச் சேர்த்தேன். மூன்று முறை கட்டினோம். மாரித்தின் நிரலை ஓடவிட்டோம். ஒரு கோடி ஆண்டுகளுக்கு அப்பால் நிலா தன் இடத்துக்கு வந்து நின்றது.

மடற்குழுவுக்கு எழுத உட்கார்ந்தேன். கம்பைலர்கள், மரபு, மனிதக் கவனம் என்று ஒரு பக்கம் நீண்டது. ஓஸ்னே தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"இத்தனை எதுக்கு? என்னைப் பத்தி ரெண்டு வரியிலதானே எழுதினீங்க."

எல்லாவற்றையும் அழித்தேன். "பிழை ஓஸ்னேயுடையது அல்ல, என்னுடையது. அதைக் கண்டுபிடித்தவள் அவள். அவள் பகுதி ஐந்தாம் பதிப்பில் இருக்கும்." அனுப்பினேன். அவள் தலையசைத்தாள். சமாதானமாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது.

"அப்ப திங்கட்கிழமை வெளியிடலாம்ல?" என்றான் எஸ்கில்.

ஓஸ்னே நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். என்னைத்தான் பார்த்தாள்.

"ஹால்வர், அந்த மார்ச் மாசம் புத்தகத்தைப் பார்க்காம, ஞாபகத்துல இருந்து வேற என்னென்ன எழுதினீங்க?"

எனக்குத் தெரியவில்லை. அன்று எல்லாமே ஞாபகத்திலிருந்துதான். ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, முதல் கோப்பின் முதல் வரியைத் திறக்கச் சொன்னேன்.