மச்சான் கிள்ளிட்டான்

குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் அந்த ஒல்லிக்காரி, அச்சடித்து வரும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றும் உருளையிலிருந்து வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"மச்சான் கிள்ளிட்டான்டி!"

"ஆசை ஜாஸ்தி. கோவிச்சுக்காம வேலையைப் பாரு," என்றார் சூப்பர்வைசர். கொட்டகையே சிரித்தது. அந்த மெஷினுக்கு மச்சான் என்றுதான் பெயர். பக்கத்தில் போனாலே கை ரோமம் சிலிர்க்கும், புடவை காலோடு ஒட்டிக்கொள்ளும்.

தாள் உருளையில் உரச உரச மின்சாரம் ஏறும். இரும்பில் ஏறினால் தரைக்கு ஓடிவிடும். பிளாஸ்டிக்கில் ஓட வழியில்லை. ஏறியது அங்கேயே உட்கார்ந்திருக்கும், விரல் கிட்டே வந்தால் பொறியாகப் பாயும். அதை இறக்கிவிடத்தான் தாளுக்குக் குறுக்கே செம்பு இழை கட்டியிருந்தது. மையில் கோடு விழுகிறதென்று சூப்பர்வைசர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார். திருப்பிக் கட்டச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் மை துடைக்கத் தின்னர் டப்பாவோடு குனிந்தாள். அதே கிள்ளுதான். இந்த முறை தின்னர் ஆவி பற்றிக்கொண்டது. இரண்டு கையும் முழங்கைவரை வெந்துபோயின.

மெஷின் கோளாறு என்றால் வைத்தியம் கம்பெனி பொறுப்பு. அவள் தப்பென்றால் எல்லாம் அவள் தலையில். அதை விசாரிக்க ஓர் அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். சூப்பர்வைசரும் கூடவே வந்தார்.

"எப்படிம்மா தீப்பிடிச்சது?"

ஊசி மயக்கத்தில் அவளுக்கு நாக்கு குழறியது. "மச்சான்தான் சார்... கிள்ளிட்டான்."

"யாரு மச்சான்?"

"இவ புருஷன் சார், பேக்கிங்ல இருக்கான்," சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "வேலை நேரத்துல ரெண்டு பேருக்கும் விளையாட்டு."

கட்டில் பக்கத்திலிருந்த புருஷன் பதறிப்போனான். "ஐயோ, மச்சான்னா மெஷின் சார்! இவரும் அப்படித்தான் சார் சொல்லுவாரு!"

"மெஷின் எங்கயாவது கிள்ளுமாப்பா?" அதிகாரி சிரித்துவிட்டார்.

பார்க்க வந்திருந்த கொட்டகைப் பெண்கள் வாசலோரம் நின்றார்கள். அவன் அவர்களிடம் ஓடினான். "நீங்க சொல்லுங்கக்கா. ஒருத்தராவது சொல்லுங்க!"

அவர்கள் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். கீழே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. ஒவ்வொருத்தியாகக் குனிந்து செருப்பைத் தேடினார்கள்.