வெர்லினின் இடது காது

ஆல்டர் க்ரீக் நகரத்தாருக்கும், ஆரிகன் மலைகளில் மரம் வெட்டிப் பிழைக்கும் சகல ஜீவன்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: செயின்சா என்னும் மோட்டார் ரம்பத்தின் சத்தத்தை வைத்தே அதன் உள்ளத்தை அறியக்கூடிய காது இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது வெர்லின் ஸ்டோடார்டின் இடது காது. அறிவித்தவர்: வெர்லின் ஸ்டோடார்ட்.

அந்தக் காதை நம்பித்தான் என்னுடைய ஒரே ரம்பத்தை அவர் வீட்டு கராஜில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாரமாக முனகிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை மேல்காட்டில் வேலை. ஓடுகிற ரம்பத்தோடு வராதவன் வரவே வேண்டாம் என்று மேஸ்திரி ஹோலிஸ் சொல்லியிருந்தார். அன்று ஞாயிறு மதியம்.

வெர்லின் பழுது பார்த்ததோடு விடவில்லை. யாரும் கேட்காமலேயே மேம்படுத்தவும் செய்தார். புகை போகும் வழியை அரைத்துப் பெரிதாக்கினார். சைலன்சரைப் பிரித்து, உள்ளேயிருந்த சின்னக் கம்பி வலையைக் குறடால் பிடுங்கிக் காபி டப்பாவில் எறிந்தார்.

“மூக்குல துணிய அடைச்ச மாதிரிடா க்ளீட் இது. இனிமே பாரு, சிங்கம் மாதிரி மூச்சு விடும்.”

“சிங்கம் வேணாம்ணே. நாளைக்கு ஓடினா போதும்.”

மிச்சமிருந்தது கார்புரேட்டரில் ஒரு திருகு. அதைக் கொஞ்சம் அதிகமாக மூடினால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் வெந்து ஒட்டிக்கொள்ளும். முழு வேகத்தில் ரம்பம் சற்றுக் கரகரத்தால் ஆயுசு கெட்டி. கணீரென்று கத்தினால் சாவு.

வெர்லின் ரம்பத்தை முடுக்கி, கண்ணை மூடி, இடது காதைச் சாய்த்தார். சர்ச்சில்கூட அவர் அவ்வளவு பக்தியாக நின்று நான் பார்த்ததில்லை. ரம்பம் கணீரென்று கத்தியது.

“அண்ணே! நிறுத்துங்கண்ணே!”

தோளைத் தட்டியபிறகுதான் அணைத்தார். “என்னடா?”

“கத்துதுண்ணே!”

“கத்தலடா, பாடுது. நாப்பது வருஷமா இதே காதுதான்.”

நாற்பது வருஷமாக எதுவும் அடைக்காமல் ரம்பத்துக்கே கொடுத்த காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். அங்கே யாருமில்லை, மனைவி ஐடெல்லா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் முகம் சுருங்கியது. காற்றில் ஈரம் சரியில்லை என்றார். காபி குடித்தார். துடைத்த சங்கிலியையே மறுபடி துடைத்தார். மணி நாலாயிற்று. எனக்கு வேறு ரம்பம் இல்லை, வேறு வேலையும் இல்லை.

“ஆப்பிள் பை எங்க வெச்சிருக்கான்னு கேக்கணும்” என்று திடீரென போனை எடுத்தார். ஐடெல்லாவைக் கூப்பிட்டு, போனைப் பெஞ்சில் ரம்பத்துக்குப் பக்கத்தில் மறந்தவர்போல வைத்துவிட்டு, மறுபடி முடுக்கினார். அணைத்ததும் பெஞ்சு பேசியது. காது மந்தமானவரின் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தானே இருக்கும்.

“மூடிட்டியே மனுஷா! பிஸ்டன் வேகுது! கால் சுத்து தொற!”

திறந்தார். முடுக்கினார். சளி பிடித்த கிழவனைப் போல ரம்பம் அழகாகக் கரகரத்தது. எனக்கு உயிர் வந்தது.

“இப்பச் சரி. க்ளீட் பக்கத்துல இல்லையே? ஜன்னல்ல நான் துண்ட ஆட்டிக் காட்டுறது அவனுக்குத் தெரிஞ்சா ஊரே சிரிக்கும்.”

“ம்ம். பை கெடச்சிருச்சு” என்றார் வெர்லின், என்னைப் பார்க்காமல்.

“பையா? அது கெடக்கட்டும். சத்தத்துலயே தெரியுது, வலையப் புடுங்கிட்ட. கோடையாச்சே, அத மறுபடி—”

வெர்லின் போனை அணைத்தார்.

பிறகு ஒரு துண்டு டேப்பில் ‘காதால் சரிபார்த்தது: வெ. ஸ்டோடார்ட்’ என்று எழுதி, ரம்பத்தின் முதுகில் கௌரவமாக ஒட்டினார்.

“அபாரமான காதுண்ணே” என்றேன். ரம்பம் ஓடுகிற சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

திங்கள் காலை காட்டு வாசலில் தீத்தடுப்பு அதிகாரி சைலன்சருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். தீப்பொறியைத் தடுக்கும் வலை இல்லை. கோடையில் வலையில்லாத ரம்பத்துக்குக் காட்டுக்குள் அனுமதி கிடையாது. ஹோலிஸ் என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டார்.